சிவப்புக் குல்லாயும் நன்னம்பிக்கை முனையும்

பிப்ரவரி முடிந்தாலே கல்கத்தாவில் வியர்க்கத் தொடங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், அந்தப் புழுக்கத்துக்கு நடுவே, ஹூக்ளிக் கரையில் கார்டன் ரீச்சிலும் அதைச் சுற்றியும் இருந்த டிப்போக்களில் கம்பளித் துணி வழங்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கு ஒரு வேட்டி, கம்பளிக் கால்சட்டை, கனத்த மேல்சட்டை, சிவப்புக் குல்லாய், ஒரு ஜோடி பூட்ஸ். பெண்களுக்கு ஒரு சேலை, இரண்டு ஃபிளானல் சட்டைகள், கம்பளிப் பாவாடை, கம்பளிக் காலுறை, பூட்ஸ். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டவர்கள் பிஹாரிலிருந்தும் அவத்திலிருந்தும் வந்த போஜ்புரி, அவதி பேசும் குடியானவர்கள். சோட்டா நாக்பூர் மலைகளிலிருந்து வந்தவர்களும் உண்டு. கழுத்தில் எண் பொறித்த தகரச் சீட்டு தொங்கியது. போகுமிடம் கயானா, டிரினிடாட், ஜமைக்கா, சுரினாம். எல்லாமே கரும்பு விளையும் வெப்பநாடுகள். கரும்பு வெட்டப் போகிறவனுக்குக் கம்பளிக் குல்லாய் எதற்கு?

வழியில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை இருக்கிறது. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-இல். திறந்த பிறகும் பாய்க்கப்பல்களுக்கு அதனால் பயனில்லை. அவை ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போயாக வேண்டும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவம் தலைகீழ். நமக்கு ஆனி ஆடி வெயிலும் மழையுமாக இருக்கும்போது அங்கே கடும் குளிர்காலம். மேற்கிலிருந்து புயற்காற்று எதிர்த்து வீசும். அலை மேல்தளத்தில் ஏறும், கதவுகளை அடைப்பார்கள், அடுப்பு அணையும். கீழ்த்தளத்தில் நானூறு ஐந்நூறு பேர் ஈரத்திலும் இருட்டிலும் கிடக்க வேண்டும். ஒற்றை வேட்டியோடு வந்தவனுக்கு அந்த இரண்டு வாரம்தான் மொத்தப் பயணத்தையும் தீர்மானிக்கும்.

எனவே திட்டம் நாளில் தொடங்கியது. முனைக்கு மேற்கே உள்ள காலனிகளுக்குப் போகும் பாய்க்கப்பல்கள் ஆண்டில் குறிப்பிட்ட சில மாதங்களில்தான் கல்கத்தாவை விட்டுக் கிளம்பலாம் என்று சட்டம் வகுத்தார்கள். தேதிகள் சட்டத்துக்குச் சட்டம் மாறின. பின்னாளில் ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை என்று நிலைபெற்றது. ஆகஸ்டில் கிளம்பினால் முனையை எட்டும்போது அங்கே குளிர் தணிந்து வசந்தம் வந்திருக்கும். மார்ச் நடுவைத் தாண்டினால் குளிர்காலத்தின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்திவிடும். 1845-இல் டிரினிடாடுக்கு முதல் இந்தியர்களைக் கொண்டுபோன ஃபாத்தல் ரசாக் பிப்ரவரி 16-இல் கிளம்பி மே 30-இல் சேர்ந்தது, 103 நாள். சுரினாமின் முதல் கப்பலான லல்லா ரூக் 1873 பிப்ரவரி 26-இல் கிளம்பி ஜூன் 5-இல் பரமரிபோவை அடைந்தது, 99 நாள். இரண்டும் பருவத்தின் கடைசி வாரங்களில் கதவு சாத்துவதற்குள் ஓடிய கப்பல்கள்.

தொலைதூரக் குளிருக்குத் திட்டமிடுவது இன்று பொழுதுபோக்காகியிருக்கிறது. சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டிகள் இரண்டு 2021 டிசம்பர் 16 அன்று தென் துருவத்தை எட்டின. ஓட்டியவர்கள் சந்தோஷ் விஜயகுமாரும் டீன் காக்ஸனும். அதற்கு முன் ஐஸ்லாந்தின் லாங்யோகுல் பனிப்பாளத்தில் இருமுறை ஒத்திகை பார்த்தார்கள். டயரில் முள் பதித்தார்கள், சங்கிலிச் சக்கரத்தின் பற்களைக் குறைத்தார்கள், சூடேற்றும் உடைக்கு மின்சாரம் தர வலுவான ஆல்டர்னேட்டர் பொருத்தினார்கள். டிசம்பரைத் தேர்ந்ததும் அதே கணக்குதான்: நமக்கு மார்கழி, அங்கே கோடை. கோடையிலேயே மைனஸ் 30 டிகிரியை ஒட்டிய குளிர்! நாள், உடை, உணவு, மருந்து, காகிதம் என்று அந்தப் பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் கார்டன் ரீச் டிப்போவின் பட்டியல் புதிதாகத் தெரியாது. வேறுபாடு பட்டியலை எழுதிய கையில் இருக்கிறது. துருவம் போனவர்கள் தங்கள் பட்டியலைத் தாங்களே எழுதினார்கள். கார்டன் ரீச்சில், பயணம் போகிறவரைத் தவிர மற்ற எல்லாரும் எழுதினார்கள்.

இது தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லப்பட்டதும்கூட. லிவர்பூல் வணிகரும் கயானாவில் தோட்டங்கள் வைத்திருந்தவருமான ஜான் கிளாட்ஸ்டன் (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை) 1836 ஜனவரியில் கல்கத்தாவின் கில்லாண்டர்ஸ் ஆர்புத்நாட் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அடிமைமுறை சட்டப்படி முடிந்துவிட்டது, விடுதலையான கறுப்பின மக்கள் இனித் தோட்டத்தில் நிற்க மாட்டார்கள், ஆள் அனுப்ப முடியுமா என்பது கேள்வி. நிறுவனம் அதற்குள் மொரீஷியஸுக்கு ஆள் அனுப்பிப் பழகியிருந்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்புவதிலும் கூடுதல் சிரமம் இருக்காது என்று பதில் போயிற்று. அதற்குச் சொன்ன காரணம்தான் கவனிக்க வேண்டியது: இந்த மக்களுக்குத் தாங்கள் போகும் இடமும் தெரியாது, பயணம் எத்தனை நாள் என்பதும் தெரியாது. குறையாக எழுதிய வரி இல்லை அது. வசதியாக எழுதிய வரி.

1838 ஜனவரியில் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து கிளம்பின. மே 5-இல் இரண்டும் கயானாவைத் தொட்டன. போனவர்கள் பட்ட பாடு லண்டன் வரை எட்டி, 1839-இல் தடை வந்தது. தடை நீடிக்கவில்லை. 1842-இல் மொரீஷியஸுக்கும் 1844-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் வாசல் மீண்டும் திறந்தது. இம்முறை சட்டமும் அதிகாரிகளும் பதிவேடுகளும் கூடவே வந்தன.

அவை வந்து இறங்கிய இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் கார்டன் ரீச் வெள்ளைக்காரப் பணக்காரர்களின் தோட்ட வீடுகள் நிறைந்த ஆற்று வளைவு. கடலிலிருந்து வரும் கப்பல் கல்கத்தாவை நெருங்கும்போது முதலில் கண்ணில் படுவது வெள்ளைத் தூண் வைத்த இந்த மாளிகைகள்தான். எதிர்க்கரையில் 1787 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியல் தோட்டம். நீதிபதியும் சமஸ்கிருத அறிஞருமான வில்லியம் ஜோன்ஸ் குடியிருந்ததும் இங்கேதான். அடுத்த நூற்றாண்டில் செல்வந்தர்கள் சௌரங்கிப் பக்கம் நகர, பெரிய வளாகங்களும் சொந்தப் படித்துறைகளும் காலியாயின. ஆயிரக்கணக்கானவர்களை அடைத்துவைத்து, மருத்துவம் பார்த்து, நேரே படகில் ஏற்றுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? காலனிக்கு ஒரு டிப்போ என்று வந்து சேர்ந்தன. எல்லாமே இங்கே இல்லை. மொரீஷியஸ் டிப்போ பவானிப்பூரில் இருந்தது.

டிப்போவுக்குள் நடந்தது முழுக்க முழுக்கப் பயண ஆயத்தம். ஊர்ப்புறத்தில் அர்க்காட்டிகள் என்ற தரகர்கள் பிடித்துக் கொடுத்தவர்களை ரயிலில் ஹௌராவுக்குக் கொண்டுவந்து, ஆற்றைக் கடந்து சேர்ப்பார்கள். குளியல், புதுத்துணி, வைத்தியர் சோதனை. குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியின் முன் நிறுத்தி, சம்மதமா என்று கேட்பார்கள். பிறகு பயணச் சீட்டு எழுதப்படும். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு, நெருங்கிய உறவு யார் என்பது வரை அதில் ஏறும். கயானாவிலும் டிரினிடாடிலும் சுரினாமிலும் வாழும் கொள்ளுப்பேரன்கள் இன்று பூர்வீக ஊரைத் தேடிப் பிஹாருக்கு வருவது இந்த ஒற்றைக் காகிதத்தை வைத்துத்தான். ஆளைக் கண்காணிக்க எழுதிய காகிதம் பேரனுக்குப் பட்டாவாக உதவுகிறது.

கப்பலின் அளவையும் சட்டம் பேசியது. ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு சதுர அடித் தரை, எழுபத்திரண்டு கன அடி இடம். அதாவது, கால் நீட்டிப் படுக்க ஒரு பாய் அகலம். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விகிதம் 1860-களின் இறுதிக்குப் பிறகு நிலைபெற்றது. சரக்குப் பட்டியலில் அரிசி, பருப்பு, நெய், கடுகெண்ணெய், மஞ்சள், மிளகாய், புளி, வெங்காயம், கருவாடு, புகையிலை, உயிரோடு ஆடுகள். அடுப்பு மூட்ட முடியாத புயல் நாளுக்குத் தனியாக அவலும் பிஸ்கட்டும் சர்க்கரையும். முனையின் அலையில் உலை வைக்க முடியாது என்பது அனுபவத்தில் தெரிந்த பிறகுதான் அவல் மூட்டைகள் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். சமைக்க பண்டாரிகள், கூட்டிப் பெருக்க டோபாஸ்கள், கூட்டத்தை மேய்க்க சர்தார்கள், மேலே ஒரு வெள்ளைக்கார வைத்தியர். வைத்தியருக்கு உயிரோடு கரை சேரும் தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. செத்தவருக்குக் காசில்லை. மனிதாபிமானத்தின் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் போட்ட ஏற்பாடு என்றாலும், அது வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஏற்பாடுகள் எல்லாம் வருவதற்கு ஏராளமானோர் சாக வேண்டியிருந்தது. 1856-57 பருவத்தில் கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் வழியில் இறந்தார்கள். வங்காளச் சிறைகளின் கண்காணிப்பாளரான டாக்டர் ஃபிரெடரிக் மௌவாட் விசாரணைக்கு நியமிக்கப்பட்டார். டிப்போவிலேயே நோயோடு ஏறியவர்கள், ஹூக்ளித் தண்ணீர், காற்றில்லாத கீழ்த்தளம், பழகாத உணவு என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. விசாரணை ஒருபுறம் நடக்க, 1858 மார்ச்சில் சால்செட் என்ற கப்பல் டிரினிடாடுக்குக் கிளம்பியது. ஏறியவர்கள் 324. வழியில் நூறு பேருக்கும் மேல் இறந்தார்கள். கேப்டன் ஸ்வின்டனும் அவர் மனைவி ஜேனும் எழுதிய நாட்குறிப்பு மறு ஆண்டு அச்சில் வெளிவந்தது. நாள்தோறும் சாவைக் கணக்கெழுதும் அந்தச் சிறு நூலைப் படித்தவர்கள் கூலிக் கப்பல் என்ற சொல்லை அதற்குப் பிறகு இயல்பாக உச்சரித்திருக்க முடியாது.

நாள்காட்டியிலும் ஒரு பொறி இருந்தது. தெற்கின் குளிருக்குத் தப்ப வேண்டுமென்றால் ஆகஸ்ட் முதல் கிளம்ப வேண்டும். ஆனால் ஆகஸ்டில் வங்கக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று. அக்டோபர், நவம்பரில் புயல். 1864 அக்டோபர் 5-இல் கல்கத்தாவைப் புரட்டிப்போட்ட புயலில், மொரீஷியஸுக்குக் கிளம்பியிருந்த ஆலி என்ற கப்பல் ஹூக்ளியிலேயே கவிழ்ந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட கூலிகளில் மிகச் சிலரே பிழைத்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில், கயானாவுக்குப் போக வேண்டிய ஈகிள் ஸ்பீட் கப்பல், கல்கத்தாவுக்கு மாற்றாகக் கட்டிக்கொண்டிருந்த கேனிங் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, மாத்லா ஆற்று முகத்தின் மணல்திட்டில் உடைந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மூழ்கினர். நன்னம்பிக்கை முனையின் குளிரைக் கணக்கிட்டவர்கள் வாசலில் இருந்த மழைக்காலத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அது மட்டுமா, கடிகாரங்கள் வேறு பல இருந்தன. கரீபியனில் கரும்பு அறுவடை ஜனவரியில் தொடங்கும். அதற்குள் ஆள் வந்து சேர வேண்டும் என்பது தோட்டக்காரர்களின் அவசரம். அப்படியானால் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் கிளம்பிய கப்பலுக்குத்தான் மதிப்பு. கங்கைச் சமவெளியிலோ ஆள் கிடைப்பது பசியைப் பொறுத்தது. மழை பொய்த்த ஆண்டில் டிப்போ நிரம்பி வழியும், விளைந்த ஆண்டில் அர்க்காட்டிகள் வெறுங்கையோடு திரும்புவார்கள். பெண் விகிதம் நிறையாமல் கப்பல் நங்கூரத்தில் காத்துக் கிடக்கும். ஒவ்வொரு நாளும் கப்பலுக்கு வாடகை ஏறும். மார்ச் நெருங்க நெருங்க, யார் எப்படி வந்தார்கள் என்று கேட்காமல் சேர்க்கும் அவசரம் பிறக்கும். விதவைகள், கணவன் வீட்டை விட்டு வந்தவர்கள், காசிக்கும் பிரயாகைக்கும் யாத்திரை வந்து வழி தவறியவர்கள் இந்த அவசரத்தில் சிக்கினார்கள். முனையின் குளிர், கரும்பின் பருவம், பிஹாரின் பஞ்சம் என்ற மூன்றும் ஒத்துப்போகும் நாளில் கப்பல் கிளம்பும். போகிறவர்களுக்கு விதைப்பு எப்போது, கல்யாணம் எப்போது, தாய்க்கு உடம்பு எப்படி என்பவை அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

தமிழர்களின் கடல்வழி பெரும்பாலும் இந்தக் குளிரைத் தொடவில்லை. மலாயா, பர்மா, இலங்கை எல்லாம் பக்கத்தில். மொரீஷியஸும் நேட்டாலும் முனைக்கு இப்பாலேயே நின்றுவிடுபவை. 1860 அக்டோபரில் மதராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ நவம்பர் 16-இல் டர்பனைச் சேர்ந்தது, ஐந்தே வாரம். முனையைச் சுற்றிய தமிழர்கள் மதராஸிலிருந்து கயானாவுக்கும் டிரினிடாடுக்கும், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப்புக்கும் போனவர்கள். கயானாவின் காளியம்மன் கோயில்களில் இன்றும் மதராஸி என்ற பெயர் வழங்குவது அவர்களால்தான். ஃபிஜிக்கு மதராஸிலிருந்து ஆள் போனது 1903-இலிருந்து. பாரதி ‘கரும்புத் தோட்டத்திலே’ எழுதும்போது அந்த வழி இன்னும் திறந்தே இருந்தது.

இதே கரையிலிருந்து இன்னொரு பயணமும் குளிர்நாட்டுக்குப் போயிற்று. அதற்குப் பட்டியல் போட அரசாங்கம் வரவில்லை.

1856 பிப்ரவரியில் கம்பெனி அவத் நாட்டைப் பறித்துக்கொண்டது. மே மாதம் நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தா வந்து சேர்ந்தார். லண்டன் போய் விக்டோரியா ராணியிடமே முறையிடுவது என்பது அவர் திட்டம். உடல்நிலை அவரைக் கார்டன் ரீச்சில் நிறுத்திவிட்டது. அவர் தாய் மலிகா கிஷ்வர், ஜனாப்-எ-ஆலியா என்று அவத் அழைத்த அம்மையார், தான் போவதாகச் சொன்னார். பர்தாவை விட்டு வெளியே வராத பெண், கடலைப் பார்த்தறியாதவர். ஜூன் மாதம் ஒரு மகனையும் ஒரு பேரனையும் நூறுக்கும் மேற்பட்ட பரிவாரத்தையும் கூட்டிக்கொண்டு பெங்கால் என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். செங்கடல் வரை ஒரு கப்பல், எகிப்தில் தரைவழி, பிறகு இன்னொரு கப்பல். ஆகஸ்டில் சவுதாம்ப்டனில் இறங்கியபோது வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. திரை பிடித்து மறைத்துத்தான் பெண்களை ரயிலேற்றினார்கள். விக்டோரியாவுக்குக் கொண்டுபோன நகைப்பெட்டி வழியில் செங்கடலில் விழுந்துவிட்டது என்ற கதையும் கூடவே வந்தது.

சில மாதத்தில் நியாயம் கிடைத்துத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் போட்ட பயணம் அது. லண்டனில் ஹார்லி ஹவுஸ் என்ற வீட்டில் முதல் குளிர்காலம் கழிந்தது. ராணியைப் பார்க்கவே அடுத்த ஜூலை ஆயிற்று. அதற்குள் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்திருந்தார்கள், லக்னோ முற்றுகையில் இருந்தது. அவத்தின் மேல் இரங்க அப்போது லண்டனில் ஒருவருக்கும் மனமில்லை. பிரபுக்கள் சபையில் கொடுத்த மனுவை, பணிவைக் காட்டும் வழக்கமான சொல் ஒன்று அதில் விடுபட்டது என்று காரணம் சொல்லி ஏற்க மறுத்தார்கள். கார்டன் ரீச்சில் மகனோ 1857 ஜூனிலேயே வில்லியம் கோட்டைக்குள் அடைபட்டிருந்தார். பணமும் நம்பிக்கையும் தீர்ந்து, இரண்டாவது குளிர்காலத்தின் நடுவில் அம்மையார் பிரான்ஸ் வழியாக ஊர் திரும்பக் கிளம்பினார். பாரிஸில் 1858 ஜனவரி 24-இல் இறந்தார். பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். ஒரு மாதத்தில் இளைய மகன் சிக்கந்தர் ஹஷ்மத்தும் லண்டனில் இறந்து, தாயின் பக்கத்தில் புதைக்கப்பட்டார். அடுத்த சில வாரங்களில் சால்செட் கப்பல் ஹூக்ளியில் பாய் விரித்தது.

கோட்டையிலிருந்து 1859-இல் வெளிவந்த வாஜித் அலி ஷா அதன்பின் எங்கும் போகவில்லை. கார்டன் ரீச்சின் மட்டியாபுர்ஜில் லக்னோவின் சாயலில் ஒரு சிறு நகரமே எழுப்பி, இசையும் தும்ரியும் பட்டமும் மிருகக்காட்சிச் சாலையுமாக 1887 வரை வாழ்ந்தார். கல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு நுழைந்தது அவர் சமையற்கட்டில்தான் என்று உள்ளூர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள். அந்தச் சத்தியத்துக்கு ஆவணம் கேட்பது மரியாதை இல்லை. சுவரின் ஒரு பக்கம் நவாபின் அரண்மனைத் தோட்டம், கொஞ்ச தூரத்தில் அவத்திலிருந்து வந்த குடியானவர்கள் தகரச் சீட்டோடு காத்திருக்கும் டிப்போ. பழைய ராஜாவும் பழைய குடிமக்களும் முப்பது ஆண்டுகள் ஒரே படித்துறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீராவி வந்ததும் நாள்காட்டி தளர்ந்தது. காற்றை எதிர்த்து ஓடக்கூடிய கப்பலுக்கு நன்னம்பிக்கை முனை அவ்வளவு பெரிய அச்சமில்லை. ஃபிஜிக்கு 1880-களின் நடுவிலேயே நீராவிக் கப்பல் போகத் தொடங்கியது. அதற்கு முன் பாய்க்கப்பல்கள் தென்கடலின் மேற்கத்திக் காற்றைப் பிடிக்க ஆஸ்திரேலியாவுக்குக் கீழே இறங்கிச் சுற்றியதால், அந்த வழிக்கும் கம்பளி தேவைப்பட்டது. கரீபியன் வழியில் மாற்றம் மெதுவாக வந்தது. கப்பல்களுக்கு ஆறுகளின் பெயர் வைத்த நூர்ஸ் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பாய்க்கப்பல்களை ஓட்டியது; பாய்மரம் மலிவு. கங்கா, யமுனா, சட்லெஜ் என்று கப்பலின் நெற்றியில் எழுதியிருந்தது. 1917 ஏப்ரலில் கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் கடைசி ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியதும் கங்கா என்ற கப்பல்தான். அதுவரை கயானாவுக்குப் போனவர்கள் சுமார் 2,39,000 பேர், டிரினிடாடுக்கு ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, சுரினாமுக்கு 34,000, ஃபிஜிக்கு 60,000 சொச்சம். மொரீஷியஸ் தனி, நாலரை லட்சம்.

கரை வேறு வேலைக்கு மாறிக்கொண்டிருந்தது. 1884-இல் ஆற்று நீராவிப் படகுகளைப் பழுது பார்க்கத் தொடங்கிய ஒரு சிறு பட்டறைதான் இன்றைய கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம். 1960-இல் அரசுடைமையாகி, போர்க்கப்பல் கட்டுகிறது. நவாபின் பழைய வட்டாரத்தில் பெங்கால் நாக்பூர் ரயில்வே தன் தலைமையகத்தைக் கட்டிக்கொண்டது. இப்போது தென்கிழக்கு ரயில்வே. 2025 ஜூனில் கப்பல் கட்டும் நிறுவனம் நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனத்தோடு இந்தியாவில் துருவ ஆய்வுக் கப்பல் கட்டுவதற்கான உடன்பாட்டில் ஆஸ்லோவில் கையெழுத்திட்டது. தெற்குக் கடலின் குளிரை மீண்டும் அதே ஆற்றங்கரையில் கணக்குப் போடுகிறார்கள். இம்முறை பனிக்கட்டியை உடைக்கும் இரும்பின் தடிமன் பற்றி.

போகும் பயணத்துக்கு இத்தனை விதி எழுதியவர்கள் திரும்பும் பயணத்துக்கு எழுதியது கொஞ்சம். ஒப்பந்தம் ஐந்தாண்டு, மேலும் ஐந்தாண்டு அங்கேயே உழைத்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல். பிறகு அதிலும் பாதிச் செலவைக் கூலியின் தலையில் கட்டினார்கள். திரும்பிய கப்பல் அதே கார்டன் ரீச் பக்கம் வந்து இறக்கிவிடும். சேமிப்போடு இறங்கியவர்களைச் சூழ்ந்துகொள்ள ஏமாற்றுக்காரர்கள் காத்திருந்தார்கள். அதையும் தாண்டிக் கிராமத்தை எட்டினால், கடல் கடந்தவனைச் சாதி ஏற்காது; அங்கே கட்டிய மனைவியை, வேறு சாதிக்காரியை, வீடு ஏற்காது; அங்கே பிறந்த பிள்ளைக்கு ஊர்ப்பேச்சு புரியாது. மீண்டும் கல்கத்தாவுக்கே வந்தார்கள். போகும் வழியில் தங்கிய இடம்தான் அவர்களுக்குத் தெரியும். மட்டியாபுர்ஜின் சேரிகளில் கயானாக்காரர்களும் டிரினிடாட்காரர்களும் ஃபிஜிக்காரர்களும் கூட்டமாக முடங்கினார்கள். ஒரே கப்பலில் போனவர்கள் என்ற ஜஹாஜி உறவு ஒன்றுதான் அவர்களிடம் மிச்சம். மலேரியாவும் வேலையின்மையும் தின்றது போக எஞ்சியவர்கள் அதிகாரிகளிடம் கேட்டது, எங்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்பதைத்தான்.

1920-களில் சி.எஃப். ஆண்ட்ரூஸும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் இவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். 1931-இல் பவானி தயாள் சந்நியாசியும் சதுர்வேதியும் தென்னாப்பிரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் மட்டியாபுர்ஜின் நிலையும் வருகிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் பலர் தமிழர்கள். மதராஸில் இறங்கி, அங்கேயும் இதே கதி.

1955-இல்கூட, விடுதலை பெற்ற இந்தியாவை நோக்கி, ரிசர்ஜென்ட் என்ற கப்பல் கயானாவிலிருந்து இருநூறு சொச்சம் பேரைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. கயானாவிலிருந்து ஊர் திரும்பியவர்களின் கடைசிக் கப்பல் அதுதான். இறங்கியவர்களில் சிலருக்கு ஊர் நினைவிருந்தது, ஊருக்கு அவர்கள் நினைவில்லை. 2011-இல் ஆற்றங்கரையில் ஒரு நினைவுக் கல் வைத்தார்கள். சுரினாம் காட் என்று பெயர் நிலைத்துவிட்ட படித்துறையில், பரமரிபோவில் இருக்கும் மாய்-பாப் சிலையின் இணையை 2015 அக்டோபரில் அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் திறந்துவைத்தார். மூட்டையோடு நிற்கும் ஓர் ஆணும் பெண்ணும். சுரினாமிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பிஹாருக்குக் கார் பிடிக்கிறார்கள், கையில் பயணச் சீட்டின் நகலோடு. ஜில்லா, தாணா, கிராமம் எல்லாம் அதில் எழுதியிருக்கிறது.